நீலகிரிச் சேற்றில் எழுதியிருப்பது: மகரந்தத்தை வைத்துப் பழைய காலநிலையை அறிவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி மலையின் சதுப்புகளில் இருந்து எடுத்த கறுப்பு மண்ணை வைத்து, 40,000 ஆண்டுகளுக்கு முந்தைய காட்டையும் மழையையும் பற்றிச் சொல்ல முடிகிறது. இதைக் கேட்டதும் பலருக்கு முதலில் ஆச்சரியம், அடுத்து சந்தேகம். இரண்டும் நியாயம்தான். சில வருஷம் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து மகரந்தம் எண்ணிய அனுபவத்தில், நண்பர்களும் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் நீலகிரியை வைத்தே பேசப்போகிறேன். எனக்கு நெருக்கமான இடம் அது. அதோடு, அந்தச் சேறு ஒரு பெரிய தவறான எண்ணத்தைத் திருத்தியும் இருக்கிறது.

மகரந்தத்துக்கும் காலநிலைக்கும் என்ன சம்பந்தம்?

ஓர் இடத்தில் என்ன மரம் நிற்கிறது என்று பார்த்தாலே அங்கே எவ்வளவு மழை பெய்யும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். பனையும் உடைமரமும் நிற்கிற இடத்தையும், பாசி படர்ந்த சோலை மரங்கள் நிற்கிற இடத்தையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். இந்தச் செடிகளெல்லாம் பூக்கும்போது கணக்கில்லாமல் மகரந்தத்தை உதிர்க்கின்றன. பழைய தமிழில் இதற்குத் தாது என்று பெயர். அதில் இன்னொரு பூவைப் போய்ச் சேர்வது மிகக் கொஞ்சம். மீதி தரையிலும் தண்ணீரிலும் விழுகிறது. ஏரியிலோ சதுப்பிலோ விழுந்தது சேற்றோடு படிந்துவிடும். அடுத்த வருஷத்து மகரந்தம் அதற்கு மேல். இப்படியே படிந்துகொண்டு போனால் அடியில் பழையது, மேலே புதியது என்று ஒரு வரிசை உருவாகிறது.

அந்த வரிசையை மேலிருந்து கீழாகப் படித்தால், எந்தக் காலத்தில் எந்தச் செடி அதிகம் இருந்தது என்று தெரியவரும். இந்த யோசனையை ஒரு முறையாக ஆக்கியவர் சுவீடன் நாட்டு நிலவியலாளர் லென்னார்ட் ஃபான் போஸ்ட். 1916இல் இன்றைய ஓஸ்லோ நகரில் அவர் ஆற்றிய உரையில்தான், ஆழத்துக்கு ஆழம் எந்த மரத்தின் மகரந்தம் எத்தனை சதவீதம் என்று காட்டும் வரைபடங்களை முதலில் முன்வைத்தார். நூறு வருஷத்துக்குப் பிறகும் நாங்கள் வரைவது ஏறக்குறைய அதே படம்தான்.

பூவில் இருக்கும் தூள் எப்படி இத்தனை ஆயிரம் ஆண்டு அழியாமல் இருக்கும்?

மகரந்த மணியின் உள்ளே இருக்கும் உயிர்ப்பொருள் சீக்கிரம் அழிந்துவிடும். நிலைத்து நிற்பது அதன் வெளி ஓடு மட்டும்தான். அந்த ஓடு ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. தாவரங்கள் உண்டாக்குகிற பொருள்களிலேயே மிக உறுதியானவற்றில் ஒன்று இது. கண்ணாடியைக் கரைக்கும் அமிலத்தில் போட்டாலும் கரையாது.

ஆனால் அதற்கும் ஓர் எதிரி உண்டு: காற்று. ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வருகிற மண்ணில் ஆக்சிஜன் புகுந்து, பூஞ்சையும் பாக்டீரியாவும் ஓட்டைத் தின்றுவிடும். எப்போதும் தண்ணீர் தேங்கி, காற்றே புகாமல் இருக்கிற சேற்றில்தான் மகரந்தம் பத்திரமாக இருக்கும்.

நம் ஊர் ஏரிகளில் செய்ய முடியாதா? தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் ஏரி இருக்கிறதே?

சமவெளி ஏரிகளில் பெரும்பாலானவை கோடையில் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பில் காற்று இறங்கும், மேல்மண் கீழே விழும், மாடு மிதிக்கும். மகரந்தமும் கெடும், வரிசையும் கெடும். அப்புறம் தூர்வாருதல் இருக்கிறது. ஏரிக்கு அது நல்லது, செய்யத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறை தூர்வாரும்போதும் சில நூற்றாண்டுப் படிவு வண்டியேறி வயலுக்குப் போய்விடுகிறது. போதாததற்கு, இவை மனிதர் வெட்டியவை. எவ்வளவு பழைய ஏரியானாலும் அதன் கதை வெட்டிய நாளில் இருந்துதான் தொடங்கும்.

கடலோரத்தில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காட்டுச் சேற்றில் சுரபுன்னையின் மகரந்தம் நன்றாகக் கிடைக்கும். அது எந்த ஆழத்தில் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று பார்த்து, கடல் உள்ளே வந்த காலத்தையும் பின்வாங்கிய காலத்தையும் ஊகிக்கலாம். ஆனால் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னால் போக வேண்டுமென்றால் மலைக்குத்தான் ஏற வேண்டும்.

அப்படி நீலகிரியில் என்ன இருக்கிறது?

பீட். இதற்குப் பாடப்புத்தகத்தில் வேறு சொற்கள் உண்டு, களத்தில் எல்லோரும் பீட் என்றுதான் சொல்வோம். ஊட்டியைச் சுற்றி 2,000 மீட்டருக்கு மேலே மொட்டை மொட்டையான புல்மேடுகள். அவற்றுக்கு இடையே உள்ள பள்ளங்களில் வருஷம் முழுக்கத் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். அங்கே வளரும் கோரையும் புல்லும் மடிந்து விழுந்தால் முழுசாக மக்காது, ஏனென்றால் குளிர், தண்ணீர், காற்றில்லாமை மூன்றும் சேர்ந்து மக்கவிடாது. அரைகுறையாக மக்கியது கறுப்பாக, பஞ்சு போலப் படிந்துகொண்டே போகிறது.

ஊட்டியில் இருந்து கூடலூர் போகிற வழியில் சாண்டிநல்லா என்ற இடம் இருக்கிறது. செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிற ஊர் என்று சிலருக்குத் தெரிந்திருக்கும். இந்தத் துறையில் அந்தப் பள்ளத்தாக்குக்குப் பெரிய பெயர். அங்குள்ள பீட்டின் வயது 40,000 ஆண்டுகளைத் தொடுகிறது. வெப்பமண்டலத்தில் இவ்வளவு நீளமான பீட் பதிவு கிடைப்பது அபூர்வம்.

மண்ணை எப்படி எடுக்கிறீர்கள்? குழி தோண்டியா?

குழியும் தோண்டலாம், ஓடையோரம் வெட்டுப்பட்ட கரையில் இருந்தும் எடுக்கலாம். சதுப்பின் நடுவில் என்றால் ரஷ்யன் கோரர் என்ற கருவி. அரை உருளை வடிவத்தில், நீளமான கம்பிகளின் முனையில் மாட்டிய இரும்பு அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடிய நிலையில் சேற்றுக்குள் அழுத்தி, வேண்டிய ஆழம் வந்ததும் கைப்பிடியை அரைச் சுற்றுத் திருப்பினால், அந்த ஆழத்து மண்ணை மட்டும் வெட்டி மூடிக்கொள்ளும். அப்புறம் இரண்டு பேர் சேர்ந்து மேலே இழுக்க வேண்டும். சேறு லேசில் விடாது.

கருவியைத் தரையில் கிடத்தித் திறக்கிற நேரம்தான் எனக்குப் பிடித்த நேரம். முதலில் மூக்குக்கு வருவது அழுகிய முட்டை வாடை. ஈரமான மண், வெண்ணெய் போல வழுவழுப்பாக, காப்பித்தூள் நிறத்தில் இருக்கும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது காற்றுப் பட்டு ஒரு சில நிமிஷத்தில் கறுத்துப்போகும். நடுவில் சில சமயம் சாம்பல் நிறக் களிமண் பட்டை ஒன்று ஓடும். விரல் நுனியில் தேய்த்தால் பீட் பிசுபிசுக்கும், களிமண் வழுக்கும், மணல் இருந்தால் நறநறக்கும். இந்த மாற்றத்தை அங்கேயே நோட்டில் எழுதிக்கொள்வோம், ஏனென்றால் படிவு என்பதும் ஒரு சாட்சி. களிமண் பட்டை என்றால் மேட்டில் இருந்து மண் அரித்து வந்திருக்கிறது. பீட் என்றால் சதுப்பு அமைதியாக வளர்ந்திருக்கிறது. மகரந்தம் பார்க்கும் முன்பே கதையின் பாதி கையில் இருக்கும்.

ஆய்வகத்தில் என்ன செய்வீர்கள்?

சுண்டைக்காய் அளவு மண் போதும். அதில் மகரந்தம் தவிர மற்ற எல்லாவற்றையும் கரைத்து வெளியேற்ற வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பை எடுக்கும். பொட்டாஷ் காரம் கறுப்புக் குழம்பை எடுக்கும். மணலையும் களிமண்ணையும் எடுக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். இது கண்ணாடியையே கரைப்பதால் பிளாஸ்டிக் குழாயில்தான் வைக்க வேண்டும். தோலில் ஒரு சொட்டுப் பட்டாலும் எலும்பு வரை போகும். அதை எடுக்கும் நாளில் யாரும் ஆய்வகத்தில் தனியாக இருக்கக் கூடாது என்பது விதி. கடைசியாக அசிட்டிக் அன்ஹைட்ரைடும் கந்தக அமிலமும் 9க்கு 1 என்று கலந்து சூடாக்கினால் செல்லுலோஸ் போய்விடும். குழாயின் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு பழுப்புப் புள்ளி மிஞ்சும். நாம் தேடுவது அதுதான்.

தொடங்கும் முன்பே, எண்ணிக்கை தெரிந்த லைக்கோபோடியம் என்ற செடியின் வித்துகள் அடங்கிய ஒரு மாத்திரையை மண்ணோடு சேர்த்துவிடுவோம். கழுவும்போது எவ்வளவு போனாலும், முடிவில் அந்த வித்து எத்தனை மிஞ்சியது என்று எண்ணினால், மண்ணில் உண்மையில் எவ்வளவு மகரந்தம் இருந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். எளிமையான தந்திரம், ஆனால் இதில்லாமல் பாதி ஆய்வு நடக்காது.

நான் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்ததால் ஒரு தொகுதி முழுவதையும் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. பல ஆயிரம் ஆண்டுப் பழைய மண்ணில் சவுக்கு மகரந்தம்! சவுக்கு இந்தியாவுக்கு வந்தே சில நூற்றாண்டுதான் ஆகிறது. வெளியே வரிசையாகச் சவுக்கு மரங்கள் பூத்திருந்ததை நான்தான் கவனிக்கவில்லை.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவுடன் இது இந்த மரம் என்று தெரிந்துவிடுமா?

சிலது பார்த்தவுடன் தெரியும். பெரும்பாலான மணிகள் 20 முதல் 60 மைக்ரான் அளவு. நம் தலைமுடியின் குறுக்களவை விடச் சின்னது. புல் என்றால் உருண்டை, அதில் ஒரே ஒரு துளை, துளையைச் சுற்றி ஒரு வளையம். உமரிச் செடியின் குடும்பம் கோல்ஃப் பந்து மாதிரி, உடம்பெல்லாம் குழி. சூரியகாந்திக் குடும்பத்தில் முள்முள்ளாக இருக்கும். பைன் மணிக்கு இரண்டு பக்கமும் காற்றுப்பை. புல்மேட்டில் தனித்தனியாக நின்று சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு என்ற ரோடோடென்ட்ரானின் மகரந்தம் நான்கு நான்காக ஒட்டிக்கொண்டே விழும்.

சிலது தலைவலி கொடுக்கும். சோலையில் நாவல் இனங்கள் உண்டு, வெள்ளைக்காரன் ஆஸ்திரேலியாவில் இருந்து கொண்டுவந்த கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) அதே குடும்பம். இரண்டுக்கும் மகரந்தம் முக்கோணம். பழகிய கண்ணுக்குத்தான் வித்தியாசம் பிடிபடும். புல்லில் இன்னும் மோசம்: எந்தப் புல் என்று மகரந்தத்தை வைத்துச் சொல்லவே முடியாது. எல்லாம் ஒரே உருண்டை.

அதனால் ஒப்பிட்டுப் பார்க்க, பெயர் தெரிந்த செடிகளில் இருந்து எடுத்த மகரந்தத்தின் சேகரிப்பு வேண்டும். புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தில் அப்படி ஒரு பெரிய சேகரிப்பு இருக்கிறது. பல்லாயிரம் கண்ணாடி வில்லைகள். அதை வளர்த்ததில் கணபதி தணிகைமோனிக்குப் பெரும் பங்கு உண்டு. வெப்பமண்டல மகரந்தத்தை அவரளவுக்கு அறிந்தவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் அவரும் இருந்தார். அந்த வன்முறையில் உயிரிழந்தவர்களில் அவரும் ஒருவர். அலையாத்தி மகரந்தங்கள் பற்றிய அவருடைய நூல் அவர் போன பிறகுதான் வெளிவந்தது. சோலை மரத்தின் மகரந்தம் எதையாவது அடையாளம் காண வேண்டியிருக்கும் யாரும் இன்றைக்கும் போய் நிற்பது புதுச்சேரி அலமாரிகளின் முன்னால்தான்.

வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ரேடியோகார்பன் முறையில். உயிரோடு இருக்கும் செடியில் கார்பன்-14 கொஞ்சம் இருக்கும். செத்த பிறகு அது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்தால் வயது தெரியும். சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் போனால் அளக்கும் அளவுக்கு எதுவும் மிஞ்சாது.

படிப்பவர்கள் குழம்புகிற ஒரு விஷயம் உண்டு. ரேடியோகார்பன் ஆண்டும் நாட்காட்டி ஆண்டும் ஒன்றல்ல. மர வளையங்கள் போன்றவற்றை வைத்துத் திருத்த வேண்டும். 18,000 ரேடியோகார்பன் ஆண்டு என்பது உண்மையில் ஏறத்தாழ 22,000 ஆண்டு. பழைய கட்டுரைகளில் ஓர் எண்ணும் புதியவற்றில் வேறு எண்ணும் இருந்தால் யாரும் தப்பு செய்துவிட்டார்கள் என்று பொருளில்லை. இன்னொன்று, 'இன்றைக்கு இத்தனை ஆண்டுக்கு முன்' என்று எழுதும்போது அந்த 'இன்று' 1950.

பீட்டில் ஒரு தனிச் சிக்கல், வேர். மேலே இப்போது வளரும் கோரையின் வேர் கீழே பழைய மண்ணுக்குள் இறங்கி, வயதை இளமையாகக் காட்டிவிடும். வேரைப் பொறுக்கி எடுக்க இடுக்கியும் பொறுமையும் வேண்டும்.

100 மணியில் 70 புல் என்றால், அந்தக் காலத்தில் 70 சதவீதம் புல்வெளி என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்தத் துறையில் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான்.

புல் காற்றை நம்பி வாழ்வது. மகரந்தத்தை வாரி இறைக்கும். சோலை மரங்களில் பெரும்பாலானவை தேனீயையும் வண்டையும் நம்பியவை. கொஞ்சமாக, ஒட்டும் தன்மையோடு உண்டாக்கும். பெரும்பாலும் மரத்தடியிலேயே விழுந்துவிடும். ஆகவே சுற்றிலும் நல்ல சோலை இருந்தாலும் சதுப்பில் புல் மகரந்தமே மிகையாகத் தெரியும். சதுப்பிலேயே புல் வளர்வதால் இன்னும் குழப்பம். அது மேட்டுப் புல்லா, சதுப்புப் புல்லா?

இதைச் சரிசெய்ய, இன்றைய நிலவரத்தைப் பார்ப்பார்கள். சோலைக்குள் பாசியை எடுத்து, சோலை ஓரத்தில் எடுத்து, புல்மேட்டு நடுவில் எடுத்து, ஒவ்வொன்றிலும் என்ன மகரந்தம் எவ்வளவு விழுகிறது என்று எண்ணுவார்கள். சோலைக்குள்ளேயே மர மகரந்தம் இவ்வளவுதான் என்று தெரிந்தால், பழைய மண்ணில் அதே அளவைப் பார்க்கும்போது அது எதைக் குறிக்கும் என்று நிதானமாகச் சொல்லலாம். இப்படியெல்லாம் பார்த்த பிறகும் மகரந்தத்தை மட்டும் நம்பி நீலகிரியின் கதையைச் சொல்வது ஆபத்துதான்.

அப்படியென்றால் வேறு என்ன சாட்சி?

கார்பனிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. செடிகள் கரியமில வாயுவைப் பிடிக்கும் வழியில் இரண்டு முக்கிய வகை உண்டு. மரங்களும் குளிர்ப் பிரதேசப் புற்களும் சி3 வகை. சோளம், கம்பு, கரும்பு, வெப்பமான வறண்ட இடத்துப் புற்கள் சி4 வகை. சிதையாத கார்பன்-13 இந்த இரண்டிலும் வெவ்வேறு அளவில் சேரும். அதை அளக்கும் அளவுகோலில் சி3 செடிகள் மைனஸ் 27ஐ ஒட்டியும், சி4 செடிகள் மைனஸ் 13ஐ ஒட்டியும் நிற்கும். இடைவெளி பெரியது, குழப்பத்துக்கு இடமில்லை. பீட் என்பதே செடிகள் மக்கியதுதான். அதன் கார்பனை அளந்தால் அந்தக் காலத்தில் எந்த வகை அதிகம் என்று தெரிந்துவிடும். மகரந்தம் எவ்வளவு தூரம் பறந்தது என்ற கவலையே இல்லை.

இதை நீலகிரி பீட்டில் செய்து 1993இல் நேச்சர் இதழில் வெளியிட்டவர்கள் ஆர். சுகுமார், ஆர். ரமேஷ், ஆர். கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோர். சுகுமாரைப் பலரும் யானை ஆய்வாளராகத்தான் அறிவார்கள். யானை தின்னும் புல்லும் மரமும் காலங்காலமாக எப்படி மாறின என்பது அவருக்கும் கேள்விதானே. 1993 கட்டுரை 20,000 ஆண்டுகள் வரை போனது. 1997இல் அதை 40,000 வரை நீட்டினார்கள்.

சரி, அந்தச் சேறு என்னதான் சொன்னது?

சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன்பு பனியுகம் உச்சத்தில் இருந்தது. நீலகிரியில் பனிப்பாளம் எதுவும் கிடையாது. ஆனால் தென்மேற்குப் பருவமழை தளர்ந்திருந்தது. காற்றில் கரியமில வாயு 190 பிபிஎம் (பத்து லட்சத்தில் 190 பங்கு) அளவுதான். தொழிற்புரட்சிக்கு முன்பு 280, இன்றைக்கு 420ஐத் தாண்டிவிட்டது. அந்த வறட்சியிலும் வாயுக் குறைவிலும் சி4 புற்கள் கொழித்தன. அந்தக் காலத்துப் பீட்டின் கார்பன் அதைத் தெளிவாகக் காட்டுகிறது.

பனியுகம் முடிந்து, ஏறத்தாழ 11,700 ஆண்டுகளுக்கு முன்பு, நாம் இப்போது வாழும் ஹோலோசீன் காலம் தொடங்கும் கட்டத்தில் பருவமழை வலுத்தது. அளவு சி3 பக்கம் சாய்கிறது. ஈரம் கூடியிருக்கிறது. ஆனால் அப்படியே நின்றுவிடவில்லை. ஹோலோசீனின் பிற்பாதியில் மறுபடியும் வறட்சியை நோக்கி ஒரு திருப்பம். பருவமழை என்பது என்றும் ஒரே சீராக இருந்ததில்லை என்பது இந்தப் பதிவைப் பார்த்தாலே புரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். சி4 கூடியதற்கு வறட்சி ஒரு காரணம், கரியமில வாயுக் குறைவு இன்னொரு காரணம். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்ததால் எது எவ்வளவு என்று இந்த ஒரு அளவை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. இன்னொன்று, மலையின் மேற்கு விளிம்பும் நடுப்பகுதியும் ஒரே மாதிரி மாறவில்லை. மேற்கில் தென்மேற்குக் காற்று நேராக மோதுகிறது. சாண்டிநல்லா கொஞ்சம் மழை மறைவில் இருக்கிறது. ஒரு பள்ளத்துச் சேற்றை வைத்து மலை முழுக்கப் பேசிவிடக் கூடாது.

நீலகிரிப் புல்வெளி, காட்டை அழித்து உண்டானதுதானே?

அப்படித்தான் நெடுங்காலம் நம்பினார்கள். மலை முழுக்க ஒரு காலத்தில் சோலையாக இருந்தது, தீ வைத்தும் எருமை மேய்த்தும் மனிதர்கள் அதைப் புல்லாக்கிவிட்டார்கள் என்று. கேட்டால் நம்பும்படிதான் இருக்கும்.

சேறு இதை ஒப்பவில்லை. தென்னிந்தியாவில் மாடு வளர்ப்பு தொடங்கியது சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு. நீலகிரியில் புல் 20,000 ஆண்டுகளுக்கு முன்பும் இருந்தது, அதற்கு முன்பும் இருந்தது. எருமையும் மேய்ப்பரும் வருவதற்கு வெகுகாலம் முன்பே புல்வெளி அங்கே இருந்திருக்கிறது. எப்படித் தாக்குப்பிடித்தது? மார்கழி, தை மாதங்களில் பள்ளத்தில் இறங்கும் உறைபனி சோலை மரக் கன்றுகளைக் கொன்றுவிடும். புல் அதைத் தாங்கி மறுபடி தழைக்கும். பின்னாளில் மனிதர் வைத்த தீயும் மேய்ச்சலும் சோலைக்கும் புல்லுக்கும் இடையிலான எல்லையை அங்கங்கே நகர்த்தியிருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் புல்வெளியை அவர்கள் உண்டாக்கவில்லை.

இது வெறும் பழங்கதையாக எனக்குத் தோன்றவில்லை. 'வெறும் புல்தானே, வீணாகக் கிடக்கிறது' என்று நினைத்துத்தான் 1840களில் தொடங்கி அங்கே சீகை என்று உள்ளூரில் சொல்லும் வாட்டில், கற்பூர மரம், பைன் எல்லாம் நட்டார்கள். விறகுக்கு, தோல் பதனிடும் பட்டைக்கு, நூல் ஆலைக்கு என்று சுதந்திரத்துக்குப் பிறகும் அது நிற்கவில்லை. வரையாடு மேய்ந்த மேடுகள் மரத் தோட்டமாயின. அங்கே காடு வளர்த்தோம் என்று சொல்லும்போது எனக்கு இன்னும் மனசு வலிக்கிறது. பனியுகத்தையே தாண்டி வந்த புல்வெளியின் மேல் அல்லவா நட்டிருக்கிறோம்.

நீலக்குறிஞ்சி பழைய மண்ணில் தெரியுமா? 12 வருஷத்துக்கு ஒருமுறை பூத்த கணக்கைப் பார்க்கலாமா?

குறிஞ்சி இனத்தின் மகரந்தம் அழகானது, அடையாளம் காணவும் முடியும். ஆனால் 12 வருஷக் கணக்கைப் பார்க்க முடியாது. 2 மீட்டர் பீட்டில் 20,000 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் 1 சென்டிமீட்டருக்கு 100 ஆண்டு. ஒரு சென்டிமீட்டர் மண்ணில் எட்டுப் பூப்புகள் கலந்து கிடக்கும். 2006உம் 2018உம் ஒரே துளிக்குள் இருப்பது போல. தவிர, அது தேனீக்களை நம்பிய செடி. மகரந்தம் சதுப்பு வரை வருவதே கொஞ்சம்.

பழைய வெப்பநிலை இத்தனை டிகிரி என்று சொல்ல முடியுமா?

ஐரோப்பாவில் சொல்கிறார்கள். அங்கே இன்றைய மகரந்தத்தையும் இன்றைய வெப்பத்தையும் ஆயிரக்கணக்கான இடங்களில் ஒப்பிட்டு வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் மர இனங்கள் மிக அதிகம், ஒப்பிட வேண்டிய இன்றைய மாதிரிகள் மிகக் குறைவு. அதோடு இங்கே செடிகளைத் தீர்மானிப்பது குளிரை விட மழைதான். 'ஈரம் கூடியது', 'குறைந்தது' என்பது வரை நம்பிக்கையோடு சொல்லலாம். டிகிரிக் கணக்கு யாராவது சொன்னால் எப்படிக் கணக்கிட்டார்கள் என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

இந்த முறையில் தவறான முடிவு வந்தது உண்டா?

உண்டு, அதுவும் பெரிய விஷயத்தில். 1970களின் தொடக்கத்தில் குர்தீப் சிங் ராஜஸ்தானின் சாம்பர், லுங்கரன்சர் ஏரிகளின் மகரந்தத்தை ஆராய்ந்தார். சிந்துவெளி நாகரிகம் மழை மிகுந்த காலத்தில் செழித்தது, வறட்சி வந்ததும் சரிந்தது என்ற முடிவுக்கு அது வழிகாட்டியது. அந்தக் காலத்தில் இந்தியாவில் இவ்வளவு விரிவாக யாரும் செய்ததில்லை. ஆனால் 1999இல் வேறொரு குழு லுங்கரன்சர் படிவுகளின் வயதை இன்னும் நுணுக்கமாக அளந்தபோது, சிந்துவெளி நகரங்கள் உச்சத்துக்கு வரும் முன்பே அந்த ஏரி வற்றிவிட்டது என்று தெரிந்தது. மகரந்தத்தை எண்ணியதில் தவறு இல்லை. நாளைக் குறித்ததில்தான் போதாமை. பருவமழைத் தளர்ச்சிக்கும் அந்த நகரங்களின் முடிவுக்கும் தொடர்பு உண்டா என்ற விவாதம் வேறு இடத்துச் சான்றுகளை வைத்து இன்றும் நடக்கிறது.

கீழடி போன்ற அகழாய்வுக் குழிகளில் மகரந்தம் பார்த்தால் என்ன பயிரிட்டார்கள் என்று தெரியாதா?

காய்ந்து நனையும் மேட்டு மண்ணில் மகரந்தம் பிழைப்பது கடினம் என்று முன்பே சொன்னேன். பிழைத்தாலும் நெல்லும் புல், அறுகும் புல். அங்கே பைட்டோலித் கைகொடுக்கும். நெல் தாள் கையைக் கீறுமே, அந்தக் கூர்மைக்குக் காரணமான சிலிக்காத் துகள்கள்தான் அவை. காற்றுக்கும் கெடாது, தீக்கும் கெடாது. நெல்லுக்கென்றே தனி வடிவத் துகள்கள் உண்டு. கருகிய தானியம் கிடைத்தால் இன்னும் நல்லது.

இலங்கையில் இப்படிப் பார்த்திருக்கிறார்களா?

ஹோர்ட்டன் சமவெளியில் பார்த்திருக்கிறார்கள். 2,100 மீட்டர் உயரத்தில், நீலகிரியைப் போலவே சோலையும் புல்லும் கலந்த இடம். அங்குள்ள சதுப்புப் பதிவு 20,000 ஆண்டுகளுக்கு மேல் போகிறது. பனியுக உச்சத்தில் வறட்சி என்பதில் இரண்டு மலைகளும் ஒத்துப்போகின்றன. அப்போது கடல் மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது, பாக் நீரிணை தரையாக இருந்தது. ஊட்டியில் இருந்து நுவரெலியா வரை கால் நனையாமல் நடந்து போயிருக்கலாம்.

ஊட்டிக்குப் போனால் இந்தப் பீட்டை நேரில் பார்க்க முடியுமா?

முடியும், தோண்ட மட்டும் வேண்டாம். புல்மேடுகளுக்கு இடையே தட்டையான, கோரை அடர்ந்த பள்ளம் தெரிந்தால் ஓரத்தில் கால் வைத்துப் பாருங்கள், தரை மெத்தை போல அமுங்கும், செருப்பைச் சுற்றித் தண்ணீர் ஊறும். ஓடை கரையை அறுத்த இடத்தில் வெளிர்க் களிமண்ணுக்கு மேலே கறுப்புப் பட்டையாகப் பீட் தெரியும்.

இப்படிப்பட்ட பள்ளங்கள் பலவற்றில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, கேரட்டும் பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் போட்டிருக்கிறார்கள். போட்டவர்களுக்கு அது பிழைப்பு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அப்படிப்பட்ட ஒரு தோட்டத்து வரப்பில் நின்று, வாய்க்கால் சுவரில் இருந்து கறுப்பு மண்ணைக் கொஞ்சம் பெயர்த்து எடுத்தேன். ஈரமே இல்லை. கைக்குள் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதில் ஒரு சிட்டிகையைக் கழுவி, வில்லையில் ஏற்றிப் பார்த்தேன். அரைமணி நேரம் தேடியதில் முழுசாக இருந்த மகரந்தம் நான்கு. மற்றதெல்லாம் ஓட்டை விழுந்த, அரித்துப்போன ஓடுகள். எந்தச் செடி என்று சொல்ல முடியவில்லை.